சரஸ்வதி வேடம் வேறு பிள்ளைக்குப் போனால்: யாழ்ப்பாணத்துப் புதுப் பெற்றோருக்கு

நவராத்திரிக்கு வரும் வாணி விழா நாடகத்தில் சரஸ்வதி ஒருத்திதான். கிறிஸ்மஸுக்கு வரும் ஒளி விழாவில் மரியாளும் ஒருத்திதான். மாணவரை இல்லங்களாகப் பிரித்து நடத்தும் இல்ல மெய்வல்லுநர் போட்டியில் தீபம் ஏந்தி மைதானத்தைச் சுற்றி ஓடப்போவது ஒன்றிரண்டு பிள்ளைகள். வகுப்பிலோ முப்பது, நாற்பது பேர் இருக்கிறார்கள். பெரியவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே விளங்கும். கண்ணாடிக்கு முன்னால் நின்று ஒரு கிழமையாக வீணை வாசித்துப் பார்த்த ஏழு வயதுப் பிள்ளைக்கு விளங்காது.

முதன்முதலாகப் பிள்ளையை இங்குள்ள பள்ளிக்கூடத்தில் சேர்த்தவர்களுக்கும், கொழும்பில் இருந்தோ வெளிநாட்டில் இருந்தோ குடும்பத்தோடு ஊர் திரும்பியவர்களுக்கும் இதை எழுதுகிறேன். படிப்பு, ரியூசன், புலமைப்பரிசில் பற்றி அறிவுரை சொல்ல ஊரில் ஆட்கள் நிறைய உண்டு. ஆசைப்பட்ட இடம் கிடைக்காமல் பிள்ளை முகம் தொங்கிப்போய் வரும் அன்றைக்கு என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

நான் கண்டவரையில் அடிப்படை ஒன்றுதான். அன்றைக்கு வீட்டில் இரண்டு கவலைகள் இருக்கும். ஒன்று பிள்ளையுடையது. மற்றது உங்களுடையது, அதில் பாதி வெட்கம். உங்களுடையதைத் தூக்கிப் பிள்ளையின் தலையில் வைக்காமல் இருந்தால், பிள்ளையின் கவலை தன்பாட்டில் இறங்கிவிடும். கீழே சொல்லப்போவது எல்லாம் அதற்கான வழிகள்.

முதலில் நாட்காட்டி

இந்த ஏமாற்றங்கள் பருவத்துக்கு வருபவை. முதலாம் தவணையில், வழக்கமாக ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில், இல்ல மெய்வல்லுநர் போட்டி. அணிநடைக்கு முன்னால் போகிறவர், இல்லக் கொடி பிடிக்கிறவர், பாண்ட் குழுவின் தலைவர், தீபம் ஏந்துபவர் என்று இந்த ஒரு நிகழ்விலேயே ஒற்றை ஆளுக்கான இடங்கள் பல. முன்பள்ளிகளில் விளையாட்டு விழா என்றால் தேசிக்காய் ஓட்டமும் விநோத உடையும். தமிழ்த் தினப் போட்டிகள் பள்ளிக்கூடத்தில் தொடங்கி வலயம், மாவட்டம், மாகாணம், தேசியம் என்று மேலே போகும். பொதுவாக முதலிடம் பெற்றவர்தான் அடுத்த மட்டத்துக்குப் போவார். இரண்டாம் இடம் வந்த பிள்ளை கையில் சான்றிதழோடும் தோற்ற முகத்தோடும் வீட்டுக்கு வரும். செப்டெம்பர், ஒக்டோபரில் நவராத்திரியோடு வாணி விழா. டிசம்பர் நெருங்க ஒளி விழா.

பள்ளிக்கூடத்துக்கு வெளியிலும் உண்டு. கலியாண வீட்டில் பெண்ணின் தம்பி மாப்பிள்ளைத் தோழனாக நின்று, மாப்பிள்ளையின் காலைக் கழுவி, மோதிரம் வாங்குவான். தம்பி இல்லாத வீட்டில் ஒன்றுவிட்ட தம்பிமார் இரண்டு பேர் இருந்தால், பந்தல் போட முன்னமே பிரச்சினை தொடங்கிவிடும்.

பிள்ளையின் வகுப்பில் எந்த நிகழ்வுக்கு எப்போது ஆள் தெரிவார்கள் என்று தவணைத் தொடக்கத்திலேயே விசாரித்து வையுங்கள். அந்த வாரத்தில் பல் பிடுங்குவது, புது ரியூசன் வகுப்புத் தொடங்குவது போன்றவற்றை வைக்காதீர்கள்.

பெயர் சொல்ல முன்

உடுப்புத் தைக்கக் கொடுக்காதீர்கள். வெள்ளைச் சேலை எடுத்தாயிற்று, நகைக்குச் சொல்லியாயிற்று, கிரீடம் செய்ய அட்டை வாங்கியாயிற்று என்றால், பிள்ளையின் மனதில் வேடம் கிடைத்துவிட்டது. பிறகு பறிபோனதாகத்தான் அது நினைக்கும்.

ஊருக்குச் சொல்லாதீர்கள். முக்கியமாக வட்ஸ்அப்பில். 'எங்கட பிள்ளை சரஸ்வதியா வரப்போறாள் போல' என்று குடும்பக் குழுவில் ஒரு வரி போட்டால், லண்டனில் பெரியம்மா, ரொறன்ரோவில் மாமி, சென்னையில் சித்தப்பா என்று அத்தனை பேருக்கும் பிறகு பதில் சொல்ல வேண்டியது நீங்கள் இல்லை, பிள்ளை.

'உனக்குத்தான் தருவினம்' என்று வீட்டில் யாரும் சொல்லாமல் இருப்பது நல்லது. அம்மம்மா சொல்லத்தான் செய்வார். அவரைத் தடுக்க முடியாது, விட்டுவிடுங்கள். நீங்கள் இரவு படுக்கும்போது சாதாரணமாகக் கேளுங்கள்: 'கிடைச்சா என்ன செய்வம்? கிடைக்காட்டி என்ன செய்வம்?' இரண்டாவது கேள்விக்கும் பிள்ளைகளிடம் பதில் இருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு சின்னவள் சொன்னாள்: 'கிடைக்காட்டி அழுவன். பிறகு புட்டு சாப்பிடுவன்.' இதைவிடத் தெளிவான திட்டம் எனக்கும் தெரியாது.

அன்றைக்கு மத்தியானம்

பள்ளிக்கூட வாசலில் வைத்தே 'என்ன, கிடைச்சதோ?' என்று கேட்காதீர்கள். கிடைத்திருந்தால் பிள்ளை தெருவெல்லாம் கேட்கச் சொல்லியிருக்கும். பேசாமல் வந்து ஸ்கூட்டியில் ஏறினால் விஷயம் விளங்கிவிட்டதுதானே. ஒன்றும் கேட்காமல் ஓட்டிக்கொண்டு வாருங்கள். உங்கள் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு வரும் பிள்ளை பாதி அழுகையை அங்கேயே முடித்துவிடும். அந்த இடத்தில் அதன் முகத்தை ஒருவரும் பார்க்க முடியாது.

வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தைக் கழற்றட்டும், முகம் கழுவட்டும். சோற்றைப் போட்டு வையுங்கள். சாப்பிடாவிட்டால் மூடி வையுங்கள், அதட்ட வேண்டாம். பிறகு பக்கத்தில் இருந்து ஒரே ஒரு வசனம்: 'எவ்வளவு ஆசைப்பட்டனி. கவலையாத்தான் இருக்கும்.' அவ்வளவுதான். அதன் பின் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் கஷ்டமான வேலை. கதை இப்படித்தான் போகும்:

'எனக்கு ஏன் தரேல்லை?'

'தெரியேல்லை, குஞ்சு.'

'ரீச்சருக்கு என்னைப் பிடிக்கேல்லை.'

'அப்பிடி இருக்குது உனக்கு.'

'நான் தாமரையாம்.'

'தாமரையோ?'

'ஆறு தாமரை. நான் கடைசித் தாமரை.'

பெரிய அழுகை இங்கேதான் வரும். வரட்டும். மடியில் தலையை வைக்க விடுங்கள், முதுகைத் தடவுங்கள். 'ரீச்சருக்குப் பிடிக்கும்' என்று முந்திக்கொண்டு திருத்தினால் பிள்ளை கடைசித் தாமரை வரைக்கும் வந்தே இராது. உண்மையான புண் அந்த 'கடைசி'யில் இருக்கிறது. நீங்கள் சரஸ்வதியைப் பற்றி ஆறுதல் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

நம் வீடுகளில் வழக்கமாக வாயில் வரும் சில வசனங்களை அன்றைக்கு மட்டும் ஒதுக்கி வையுங்கள். 'இதுக்குப் போய் அழுறதோ?' என்று கேட்டால் பிள்ளை அழுகையை நிறுத்தும். அடுத்த முறை உங்களுக்குச் சொல்வதையும் நிறுத்தும். 'அவளைவிட நீ நல்லாச் செய்வாய்' என்றால் சரஸ்வதியாக வரும் சிநேகிதி அன்று முதல் எதிரி. 'அடுத்த வருசம் உனக்குத்தான்' என்பது உங்கள் கையில் இல்லாத வாக்கு. 'நான் நாளைக்கு வந்து ரீச்சரை ஒரு கை பார்க்கிறன்' என்பது அழுகிற பிள்ளைக்குப் பயத்தையும் சேர்த்துக் கொடுக்கும்.

இன்னொன்று எங்கள் ஊருக்கே உரியது. 'நாங்கள் பங்கருக்குள்ள இருந்து படிச்சனாங்கள், மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டில ஜாம் போத்தல் விளக்கில படிச்சனாங்கள், உனக்கு ஒரு வேசம்தானே கிடைக்கேல்லை.' போர் நடந்த தொண்ணூறுகளில் இங்கே பதுங்குகுழிக்குள்ளும் மின்சாரம் இல்லாமலும் படித்த ஒரு தலைமுறை இதைச் சொல்லும்போது அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. பிள்ளைகள் கேட்க வேண்டிய கதையும்தான். வேறொரு நாள் மின்வெட்டு வரும்போது விளக்கைக் கொளுத்தி வைத்துக்கொண்டு சொல்லுங்கள், வாய் பிளந்து கேட்பார்கள். அழுகிற பிள்ளைக்குச் சொன்னால் 'உன் கவலை கவலையே இல்லை' என்பது மட்டும்தான் காதில் விழும்.

நல்லூரடியில் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுக்கலாமா என்று கேட்பார்கள். தாராளமாக. 'அழாமல் இருந்தால் வாங்கித் தாறன்' என்று மட்டும் பேரம் பேசாதீர்கள்.

வயதுக்கு வயது இது மாறும். நாலு, ஐந்து வயதில் பிள்ளைக்கு வேண்டியது பெரும்பாலும் அந்த உடுப்புத்தான். வீட்டில் அம்மாவின் சால்வையைச் சுற்றிவிட்டால் அரை மணித்தியாலத்தில் சரி. ஏழு முதல் பத்து வரை ஒப்பிடும் வயது, 'ஏன் நான் இல்லை' என்ற கேள்வி நாட்கணக்கில் திரும்பத் திரும்ப வரும். பன்னிரண்டு கடந்தவர்கள் ஒன்றும் நடக்காததுபோல் கைத்தொலைபேசியோடு அறைக்குள் போய்விடுவார்கள். அவர்களைக் கதவடியில் நின்று விசாரிக்காமல் ஒரு தேத்தண்ணியை உள்ளே வைத்துவிட்டு வாருங்கள். கடைக்கு, கோவிலுக்கு என்று சேர்ந்து போகும்போது தானாகக் கதை வரும்.

வெளிநாட்டு அழைப்பு

இங்கே பின்னேரம் ஆறு மணி என்றால் ரொறன்ரோவில் காலை. மாமி வேலைக்குப் போக முன் கட்டாயம் எடுப்பார், வீடியோவில். 'எங்க எங்கட சரஸ்வதி?' என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். ஆகவே மத்தியானமே குழுவில் ஒரு செய்தி போட்டுவிடுங்கள்: 'வேசம் வேற பிள்ளைக்குக் கிடைச்சிட்டுது. பிள்ளை கொஞ்சம் கவலையா இருக்கிறாள். அதைப் பற்றி இப்ப கேட்காதேங்கோ, பூனைக்குட்டியைப் பற்றிக் கேளுங்கோ.' எதைப் பற்றிக் கேட்கலாம் என்று சொல்லிக் கொடுப்பது முக்கியம். கேட்காதே என்று மட்டும் சொன்னால் நம் ஆட்கள் மௌனமாக இருந்து இன்னும் மோசமாக்குவார்கள்.

பக்கத்து வீட்டு அன்ரிக்கும் பிள்ளைக்கு ஒரு பதில் பழக்கிக் கொடுங்கள். 'நான் தாமரை, அன்ரி' என்று சொல்லிவிட்டுப் போகலாம். விளக்கம் சொல்லத் தேவையில்லை.

ரீச்சரிடம் போவதானால்

உடனே போகாதீர்கள். இரண்டு, மூன்று நாள் கழியட்டும். வாசலில் மற்றப் பெற்றோருக்கு முன்னால் கேட்பதும், வகுப்பு வட்ஸ்அப் குழுவில் எழுதுவதும் கூடாது. அந்தக் குழுவில் சரஸ்வதியின் அம்மாவும் இருக்கிறார். பள்ளி விட்ட பிறகு ஐந்து நிமிடம் தரும்படி கேட்டுப் போய், 'ஏன் தரேல்லை' என்று தொடங்காமல், 'ரீச்சர், பிள்ளைக்கு மேடையில ஆசை கூட. என்ன பழக்கினா நல்லம்?' என்று கேளுங்கள். சத்தமாகக் கதைக்கப் பழகட்டும், பாட்டைத் தாளத்தோடு பாடட்டும் என்று ஏதாவது ஒன்று கிடைக்கும். அதைப் பிள்ளையிடம் கொண்டுபோய்ச் சேர்க்கலாம்.

சில வேளை தெரிவு உண்மையிலேயே நியாயமில்லாமல் இருக்கும். சொந்தக்காரப் பிள்ளை, நன்கொடை கொடுத்தவரின் பிள்ளை என்பது எங்கும் நடப்பது. அதைவிட எனக்குக் கோபம் வருவது நிறத்தில். சரஸ்வதிக்கும் மரியாளுக்கும் 'வெள்ளைப் பிள்ளை' தேடும் பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. 'நான் கறுப்பு எண்டதாலயோ?' என்று பிள்ளை கேட்டால், 'சீ, அப்பிடி இல்லை' என்று தட்டிவிடாதீர்கள். பிள்ளைக்குக் கண் இருக்கிறது. 'சில பெரியாக்கள் அப்பிடி யோசிக்கினம். அது அவையின்ர பிழை. உன்னில ஒரு பிழையும் இல்லை' என்று நேராகச் சொல்லுங்கள். இந்த விஷயத்தில் மட்டும் நாள் கடத்தத் தேவையில்லை. பகுதித் தலைவரிடமோ அதிபரிடமோ போய், பிள்ளை இல்லாத நேரத்தில், மரியாதையோடு கேட்கலாம். வேடத்தைப் பிடுங்கி உங்கள் பிள்ளைக்குத் தரச் சொல்லாதீர்கள். அந்த மற்றப் பிள்ளை ஒரு குற்றமும் செய்யவில்லை. அடுத்த முறை எப்படித் தெரிவீர்கள் என்று கேட்டால் போதும்.

நாடகத்தையே வேறுவிதமாக அமைக்கலாம் என்பதையும் சொல்லிப் பார்க்கலாம். நாடகாசிரியர் குழந்தை ம. சண்முகலிங்கம் போன்றவர்கள் யாழ்ப்பாணத்தில் வளர்த்த சிறுவர் அரங்கில் பிள்ளைகள் கூட்டமாகவே நின்று பாடுவார்கள், ஆடுவார்கள், மரமாகவும் மிருகமாகவும் மாறுவார்கள். காத்தவராயன் கூத்தில் கதைநாயகன் காத்தானாக ஒருவரே விடியும்வரை ஆடுவதில்லை. சின்ன வயதுக்கு ஒருவர், வளர்ந்த பிறகு இன்னொருவர் என்று பலர் வருவார்கள். ஒரு வாணி விழாவில் காட்சிக்கு ஒரு சரஸ்வதி வந்தால் கலைமகள் ஒன்றும் கோபிக்கமாட்டாள்.

இனித் தாமரை

அழுகை அடங்கி ஓரிரு நாளில் பிள்ளை தாமரையைப் பற்றித் தானாக ஏதாவது சொல்லும். அதுவரை பொறுங்கள். 'தாமரைதான் முக்கியம், தாமரை இல்லாட்டி சரஸ்வதி எங்க இருக்கிறது?' என்று கதை விடாதீர்கள். பிள்ளை நம்பாது. சின்னப் பாத்திரம் சின்னப் பாத்திரம்தான். அதை ஒழுங்காகச் செய்யலாம், அவ்வளவுதான்.

செய்வதற்கு வேலை கொடுங்கள். பிறிஸ்டல் போட்டில் இதழ்களைப் பிள்ளையே வரைந்து வெட்டட்டும். அகலமான இதழ்கள் கீழே, சிறியவை மேலே. ஒவ்வோர் இதழின் நுனியையும் பென்சிலில் சுற்றி எடுத்தால் வளைந்து நிற்கும். ரோசா நிற ரிசுத்தாளை ஓரத்தில் ஒட்டி, இடுப்பில் கட்டும் பட்டியில் இதழ்களைப் பின் அடியுங்கள். பின் அடித்த இடத்தை உள்பக்கமாக ரேப் போட்டு மூடுங்கள், இல்லாவிட்டால் மேடையில் குத்தும். உட்கார்ந்து எழும்பிப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் ஒத்திகையில் ஆறு தாமரையும் ஒன்றோடொன்று இடித்து இரண்டு இதழாவது கழரும். கடைசித் தாமரையின் கையில் கொஞ்சம் ரேப்பும் நான்கு பின்னும் இருந்தால், மற்ற ஐந்து பேரும் அதைத் தேடித்தான் வருவார்கள்.

முடிந்தால் ஒரு கூத்து ஒத்திகைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். குருநகர், பாசையூர், நாவாந்துறைப் பக்கம் கூத்துத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ராசா வேடக்காரன் பாடி முடிக்கும் அடியைப் பிற்பாட்டுக்காரர் வாங்கிப் பாடாவிட்டால் அவன் மூச்செடுக்க முடியாமல் நிற்பான். கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் எல்லாரையும் தன் கண்ணிலேயே வைத்திருப்பார். பிள்ளைக்கு விளக்கம் ஒன்றும் சொல்லாதீர்கள், பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

வாணி விழா என்றால் மேடைக்கு வெளியிலும் வேலை நிறைய உண்டு. மாவிலைத் தோரணம் கட்ட வேண்டும், கும்பத்துக்குப் பூ எடுக்க வேண்டும், அவலும் கடலையும் பங்கிட வேண்டும். 'உதவி செய்' என்று பொதுவாகச் சொல்வதைவிட, 'அவல் பரிமாறுறது உன்ர பொறுப்பு' என்று ஒன்றைக் கேட்டு வாங்கிக் கொடுங்கள்.

விழா நாளில்

நேரத்துக்குப் போய், பிள்ளைக்குத் தெரியும் இடத்தில் இருங்கள். உங்கள் தாமரையை வீடியோ எடுங்கள். சரஸ்வதி வரும்போதும் கைதட்டுங்கள், நீங்கள் தட்டுகிறீர்களா என்று பிள்ளை மேடையில் இருந்து பார்க்கும். விழா முடிந்ததும் 'போய் அவளுக்கு வாழ்த்துச் சொல்லு' என்று தள்ளாதீர்கள். 'நல்லாச் செய்தனி' என்ற இரண்டு சொல்லை வீட்டில் பழகியிருந்தால், வாய் வந்தால் சொல்லட்டும், வராவிட்டால் சிரித்துவிட்டு வரட்டும்.

வீட்டிலேயே ஒருவருக்குக் கிடைத்து மற்றவருக்குக் கிடைக்காவிட்டால், கிடைத்தவரின் சந்தோஷத்தை ஒளிக்காதீர்கள். இரண்டு பேருக்கும் தனித்தனியாக நேரம் ஒதுக்கினால் சமாளிக்கலாம்.

மாணவ முதல்வர் பதவி கிடைக்காத பெரிய பிள்ளை

இது வேறு மாதிரி வலி. சின்னம் சூட்டும் நாளில் வகுப்பில் பாதிப் பேர் சின்னத்தோடு நிற்க, உங்கள் மகன் கதிரை அடுக்கிக்கொண்டிருப்பான். இந்த வயதில் பெற்றோர் செய்யக்கூடிய மிகப் பெரிய கெடுதி, தெரிந்த அரசியல்வாதியிடமோ பழைய மாணவர் சங்கக்காரரிடமோ போய் அதிபருக்குச் சொல்லச் சொல்வது. பதவி கிடைத்தாலும் அது எப்படிக் கிடைத்தது என்று வகுப்பு முழுக்கத் தெரியும். அவன் கேட்டால் மட்டும் ஆலோசனை சொல்லுங்கள். சாரணர், சென் ஜோன்ஸ் முதலுதவி, விவாதக் குழு என்று வேறு இடங்கள் இருக்கின்றன. ஆனால் அவற்றை முதல் வாரத்திலேயே பட்டியல் போட்டு நீட்டாதீர்கள்.

எப்போது பிறரிடம் கேட்பது

பெரும்பாலான பிள்ளைகள் சில நாட்களில் வழமைக்கு வந்துவிடுவார்கள். காலையில் வயிற்றுக் குத்து என்று ஓரிரு நாள் சொல்வதும் இயல்புதான். இரண்டு கிழமை கடந்தும் பள்ளிக்கூடம் போக மறுத்தால், நித்திரையும் சாப்பாடும் குழம்பினால், சிநேகிதரோடு விளையாடுவதையே விட்டால், 'நான் ஒண்டுக்கும் உதவாத ஆள்' என்று திரும்பத் திரும்பச் சொன்னால், வேடத்துக்கு அப்பால் வேறு ஏதோ இருக்கிறது. வகுப்பில் பகிடி பண்ணுகிறார்களா, யாராவது அடிக்கிறார்களா என்று பாருங்கள். பள்ளிக்கூடத்தில் ஆலோசனை வழிகாட்டலுக்குப் பொறுப்பான ஆசிரியர் இருந்தால் அவரிடம் கதைக்கலாம். யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் உண்டு. சிறுவர் உதவிக்கு 1929, உளநல ஆலோசனைக்கு 1926, இரண்டும் இலங்கை முழுவதற்குமான இலக்கங்கள். தன்னைத் தானே காயப்படுத்துவது பற்றிப் பிள்ளை கதைத்தால் இரண்டு கிழமை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், அன்றைக்கே போங்கள்.

அடுத்த நிகழ்வுக்குப் பெயர் கேட்கும்போது பிள்ளை கை உயர்த்த மறுக்கலாம். ஒரு முறை விடுங்கள். மேடைக்கு வராமல் திரை இழுக்கவோ பாட்டில் சேரவோ விருப்பமா என்று கேட்டுப் பாருங்கள். அதற்கும் மாட்டேன் என்றால் அந்தத் தவணை பார்வையாளராகவே இருக்கட்டும். மறுபடி கண்ணாடிக்கு முன் நின்று எதையாவது ஆடத் தொடங்கினால் கண்டும் காணாததுபோல் குசினிக்குள் போய்விடுங்கள். இந்த முறையாவது மாமிக்குச் சொல்லாதீர்கள்.